சே, டெல், ஸ்பீக், டாக்: எதை எங்கே போடுவது?

ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் சே (say), டெல் (tell), ஸ்பீக் (speak), டாக் (talk) ஆகிய இந்த நான்குக்கும் 'சொல்', 'பேசு' என்றுதான் போட்டிருக்கும். அர்த்தத்தை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம் தீராது. பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

படி 1: யாரிடம் சொல்கிறோம்?

டெல் வந்தால் பெரும்பாலும் கேட்பவரும் ஒட்டிக்கொண்டே வருவார்: 'ஷி டோல்ட் மீ'. நடுவில் 'டு' கிடையாது. சே அப்படியில்லை. கேட்பவரைக் குறிப்பிடாமலே விடலாம். குறிப்பிட்டால் 'டு' கட்டாயம்: 'ஷி செட் டு மீ'. நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'என்னிடம் சொன்னாள்' என்று தமிழில் யோசித்துக்கொண்டே எழுதும்போது, அந்த 'இடம்' என்பதற்காக ஒரு 'டு' தானாக வந்து 'டோல்ட் டு மீ' ஆகிவிடுகிறது. 'செட் மீ' என்பதும் தவறு. ஒருவரை ஏதாவது செய்யச் சொன்னால் டெல் போடுங்கள்: 'டெல் ஹிம் டு வெயிட்'.

படி 2: ஜோடி சேரும் சொற்கள்

ஹலோ, சாரி, எஸ், நோ எல்லாம் வாயிலிருந்து அப்படியே வரும் சொற்கள், அவற்றுக்கு சே. உண்மை, பொய், கதை, ஜோக் என்றால் டெல். அதாவது 'டெல் தி ட்ரூத்', 'டெல் எ லை'. இங்கே கேட்பவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதற்குக் காரணம் தேட வேண்டாம், ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

படி 3: ஸ்பீக், டாக்

மொழியின் பெயர் வந்தால் ஸ்பீக்: 'ஐ ஸ்பீக் தமிழ்'. தொலைபேசியில் மரியாதையாகக் கேட்கவும் அதுதான்: 'மே ஐ ஸ்பீக் டு த மேனேஜர்?' இரண்டு பேர் சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தால் டாக். மற்றபடி பல இடங்களில் எதைப் போட்டாலும் சரிதான்.

படி 4: சரியான அகராதி

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதியை வாங்குங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வந்தது. 1948-இல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. எந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று காட்டியதுதான் அதன் பெரிய பலம். அர்த்தத்தோடு நிறுத்தாமல் உதாரண வாக்கியங்களையும் படியுங்கள்.

சரி, இப்போது நிரப்புங்கள்:

'ஹி ___ அஸ் எ ஸ்டோரி.'
'ஷி ___ தட் ஷி வாஸ் டயர்ட்.'
'டூ யூ ___ ஹிந்தி?'

விடை: டோல்ட், செட், ஸ்பீக்.