எல்ட்ஸ் கோட்டை: பங்காளி வீட்டைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனியில் மோசல் ஆற்றுக்கு அருகே காட்டுப் பள்ளத்தில் நிற்கிற எல்ட்ஸ் கோட்டைக்குப் பெரும்பாலும் படம் எடுக்கத்தான் போகிறார்கள். ஜெர்மனியின் பழைய 500 மார்க் பண நோட்டில் அச்சான முகம், எடுக்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் 800 வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற வீடு அது, அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால்தான் பிடிபடும்.

மோசல்கெர்ன் ரயில் நிலையத்திலிருந்து ஓடையோரமாக நடந்து போங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நல்ல ஷூ வேண்டும். காரில் வந்தால் நிறுத்துமிடத்திலிருந்து பஸ் உண்டு.

முற்றத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். இவ்வளவு சின்ன இடத்தில் ஏன் இத்தனை கோபுரம் என்று தோன்றும். 1268-க்கு முன்பே அண்ணன் தம்பி மூன்று பேர் பாகம் பிரித்துக்கொண்டார்கள், கோட்டையோ ஒன்றுதான், அதனால் அவரவர் வம்சம் ஒரே மதிலுக்குள் தனித்தனி வீடு எழுப்பிக்கொண்டது. கோட்டை நிற்கிற பாறை விரியாது, மேலேதான் கட்ட முடியும். 1815-இல்தான் கெம்பனிஷ் கிளை மற்ற பங்கை வாங்கி முழுச் சொந்தக்காரர் ஆனது.

உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போட்டோ எடுக்க விடமாட்டார்கள், நல்லதுதான், கண் வேலை செய்யும். மற்ற இரண்டு கிளைகளான ரூபனாக், ரோடன்டார்ஃப் வீடுகளைத்தான் காட்டுவார்கள், கெம்பனிஷ் வீடு குடும்பத்துக்கு. மாவீரர் மண்டபத்தில் எல்லோரும் கவசங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் கோமாளி முகங்களைத் தேடுங்கள்: இங்கே மனதில் பட்டதைப் பேசலாம் என்று அர்த்தம். அப்புறம் கதவுக்கு மேலே ஒரு ரோஜா, பேசியது வெளியே போகக் கூடாது என்று. பங்காளிகள் கூடிப் பேசுகிற இடத்தில் இரண்டுமே தேவைப்பட்டிருக்கும்.

கருவூலத்தை நீங்களே நிதானமாகப் பார்க்கலாம். கோட்டையே ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், குளிர்காலத்தில் போய் ஏமாறாதீர்கள்.

திரும்பும்போது எதிர்மேட்டில் இருக்கிற ட்ருட்ஸெல்ட்ஸ் இடிபாட்டையும் பாருங்கள், 1331-இல் தொடங்கிய சண்டையில் ட்ரியர் பேராயர் பால்டுவின் எல்ட்ஸ் குடும்பத்தை மடக்குவதற்காகவே கட்டியது. மழை பெய்திருந்தால் பாதை வழுக்கும், பேசாமல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.