ஃபேன் கேம்: தேதி போட்ட டிரெய்லரே முதல் தவறு

அடுத்தவர் கதாபாத்திரத்தை வைத்து ரசிகர்கள் செய்யும் கேம் கோடிங்கில் தோற்பதைவிட விளம்பரத்தில் மாட்டுவதுதான் அதிகம். 'போக்கிமான் பிரிசம்' என்ற ஃபேன் கேம் எட்டு வருட உழைப்பு. டிரெய்லர் பரபரப்பாகப் பரவியது. 2016 டிசம்பரில், வெளியீட்டுக்குச் சில நாள் இருக்கும்போது, போக்கிமான் கேம்களை வெளியிடும் நின்டெண்டோ தரப்பின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தேதியோடு டிரெய்லர் விடுவது, எதிர்த்தரப்புக்கு நாமே கெடு குறித்துக் கொடுப்பதுதான்.

ஆண்டு விழா நாளைப் பிடிப்பதும் அப்படியே. நின்டெண்டோவின் மெட்ராய்டு கேம் வரிசையின் 30-ஆம் ஆண்டு நிறைவில், 2016 ஆகஸ்ட் 6 அன்று, அதன் இரண்டாம் கேமான 'மெட்ராய்டு 2'-ஐ ரசிகர் புதிதாகச் செய்த 'ஏஎம்2ஆர்' வந்தது. சில நாளிலேயே டவுன்லோட் லிங்க்குகள் போய்விட்டன. அடுத்த வருடம் அதே பழைய கேமுக்கு நின்டெண்டோவே ரீமேக் வெளியிட்டது. உரிமையாளர் கையில் ரீமேக் இருக்கிறதா இல்லையா என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

"இலவசமாகத்தானே தருகிறோம்" என்பது ஓட்டை வாதம். அமெரிக்கச் சட்டப்படி, தெரிந்தே செய்த பதிப்புரிமை மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். நீங்கள் சம்பாதித்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. நன்கொடை பட்டன் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். "எல்லா உரிமையும் அந்த நிறுவனத்துக்கே" என்று தொடக்கத்தில் போடும் வரி அனுமதி ஆகாது. யாருடைய சொத்து என்று தெரிந்துதான் எடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சியாகத்தான் நிற்கும். அசல் லோகோவையும் பெயரையும் போட்டால் டிரேட்மார்க் பிரச்சினை தனி.

நிறுவனத்தின் மௌனத்தைச் சம்மதமாக எடுப்பது இன்னொரு தவறு. ரசிகர் வட்டத்திலிருந்து வந்தவர்களை வைத்தே 2017-ல் 'சோனிக் மேனியா' வெளியிட்டது, சோனிக் கேம்களின் உரிமையாளரான சேகா. அதே சேகாதான் 2011-ல், தன் பழைய கேமை வைத்து ரசிகர்கள் எட்டு வருடம் உழைத்த 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ரீமேக்'கை வெளிவந்த சில நாளில் இணையத்திலிருந்து நீக்க வைத்தது.

உரிமையாளரின் நோட்டீஸால் தளம் உங்கள் கேமை நீக்கியதும், 'நீக்கியது தவறு' என்று கோபத்தில் அந்தத் தளத்துக்கு எதிர்-நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள். உண்மைப் பெயர், முகவரி, போன் நம்பர் கொடுத்து, பொய்யென்றால் தண்டனை என்ற உறுதிமொழியோடு, அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பையும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். 10 முதல் 14 வேலை நாளுக்குள் உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால்தான் கேம் ஃபைல் தளத்தில் திரும்ப ஏறும். வழக்குப் போடச் சொல்லி நாமே தூண்டிவிட்ட கதை. டவுன்லோடை நிறுத்துங்கள், வக்கீலைப் பாருங்கள், அதுவரை சோஷியல் மீடியாவில் வாய் திறக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முதல் நாளிலேயே செய்யக்கூடிய முன்னேற்பாடு ஒன்று உண்டு. 'ஃப்ரீடம் பிளானட்' சோனிக் ஃபேன் கேமாகத் தொடங்கி, சொந்தக் கதாபாத்திரங்களுக்கு மாறி, 2014-ல் விற்பனைக்கே வந்தது. அப்படி மாற வசதியாகப் பெயர், வசனம் எல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கட்டும்; கோடில் வரும் வேரியபிள், ஃபோல்டர் பெயர்களில் அசல் கதாபாத்திரப் பெயர் வரக்கூடாது. ஹிட்பாக்ஸ் (மோதலைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத கட்டம்) அளவுகளை ஸ்பிரைட்டோடு (கதாபாத்திரத்தின் படம்) கட்டாமல் தனி அட்டவணையில் வையுங்கள். இல்லையென்றால் புது ஹீரோ நாலு பிக்சல் உயரமாக வந்தாலே பழைய லெவலின் சந்துகளில் தலை இடிக்கும். ஒவ்வொரு லெவலையும் மறுபடி ஆடிச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.