சிலிக்கான் குழிக்குள் குட்டி நிலைக்காந்தம்

நுண்கருவிக்குள் காந்தம் வேண்டுமென்றால் நான் நம்புவது நியோடிமியம்-இரும்பு-போரான் தூளையும் எப்பாக்ஸிப் பசையையும்தான். சிலிக்கான் வேஃபரில், அதாவது மெல்லிய சிலிக்கான் தகட்டில், குழி செதுக்குங்கள். 200 மைக்ரான் அகலக் குழிக்கு 20 மைக்ரானுக்கு உட்பட்ட தூள் சரியாக இருக்கும். எடையில் ஐந்தில் நான்கு பங்கு தூள், மீதி பசை. தூளைக் கூட்டினால் காந்தம் வலுக்கும், ஆனால் கலவை குழிக்குள் இறங்காது. வெற்றிடத்தில் வைத்துக் குமிழிகளை எடுங்கள்; இங்கே அவசரமே கூடாது, ஒரு குமிழி போதும், காந்தப்புலம் கோணிவிடும். பிளேடால் வழித்து நிரப்பி இறுக விடுங்கள்.

காந்தமேற்றுவது கடைசியில்தான்: 3 டெஸ்லாவுக்குக் குறையாத துடிப்புப் புலம், அதாவது கணநேரம் மட்டும் எழும் வலுவான காந்தப்புலம். அதன்பின் சூட்டு வேலை வேண்டாம். 310 டிகிரி செல்சியஸ் அருகே காந்தத்தன்மை முழுதாகப் போகும். பலம் அதற்கு வெகுமுன்பே குறையத் தொடங்கிவிடும்.

நுண்தூள் காற்றில் தீப்பற்றக்கூடும். ஆர்கான் வாயு நிரப்பிய மூடிய பெட்டிக்குள்ளேயே எடை போடுங்கள்.