வினாத்தாளை மிர்ட்டில் அலசும்போது ‘டி’யைக் கடினம் என்று படித்துவிடாதீர்கள்

20 கேள்விகளில் ஆளுக்கு 12 சரியாக எழுதிய இரண்டு பேரின் திறனும் ஒன்றுதானா? ஆட்கள் எழுதிய விடைகளிலிருந்து அவர்களின் திறனையும் கேள்விகளின் தன்மையையும் கணிக்கும் வினா மறுமொழிக் கோட்பாட்டில் (ஐஆர்டி), நாம் எந்தக் கணித மாதிரியை நம்புகிறோமோ அதைப் பொறுத்துத்தான் பதில். டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட மாதிரியில் மொத்த மதிப்பெண் ஒன்றானால் திறனும் ஒன்றுதான். ஒவ்வொரு கேள்விக்கும் கடினம், சரிவு என்று இரண்டு எண்களைக் கணிக்கும் 2பிஎல் மாதிரியில் அப்படி இல்லை, எந்த 12 என்றும் பார்க்கும்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஆளின் திறனையும் (தீட்டா) கேள்வியின் கடினத்தையும் (பி) ஒரே அளவுகோலில் வைப்பது. இரண்டும் சமமானால் சரியாக எழுத 50% வாய்ப்பு. திறன் ஒரு அலகு கூடினால், சரிவு (ஏ) 1 உள்ள கேள்வியில் அது சுமார் 73%, சரிவு 2 என்றால் 88%. சரிவு கூடக்கூட அந்தக் கேள்வி ஆட்களை நன்றாகப் பிரித்துக் காட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் மிர்ட் (mirt) தொகுப்பைத்தான் நான் பயன்படுத்துகிறேன், சரி-தவறு கேள்வி, கருத்துக்கணிப்பு இரண்டுக்கும் அது ஒன்றே போதும். ஆளுக்கு ஒரு வரிசை, கேள்விக்கு ஒரு நெடுவரிசை, சரி என்றால் 1, தவறு 0. எல்லோரும் சரியாக எழுதிய கேள்வியை நீக்கிவிடுங்கள், அதிலிருந்து கணிக்க எதுவுமில்லை, மிர்ட்டும் பிழை காட்டி நின்றுவிடும். அப்புறம் 2பிஎல் கொடுத்து ஓட்டுங்கள். ஊகத்தையும் கணக்கில் எடுக்கும் 3பிஎல் இப்போதைக்கு வேண்டாம், சிறிய தரவில் அந்த ஊக எண் கண்டபடி ஆடும்.

இனிமேல்தான் கவனம் தேவை. முடிவு எண்களைக் காட்டும் ‘கோஎஃப்’ (coef) கட்டளையைக் கொடுத்ததும் ‘ஏ1’ (இதுதான் சரிவு), ‘டி’ என்று நெடுவரிசைகள் வரும். அந்த ‘டி’யைத்தான் கடினம் என்று நினைத்து, இருப்பதிலேயே எளிதான கேள்வியை மிகக் கடினமானது என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் தவறு புரிந்தது. ‘டி’ கூடினால் கேள்வி எளிது! கடினம் வேண்டுமென்றால் டியை ஏ1ஆல் வகுத்துக் குறியை மாற்ற வேண்டும்: ஏ1 1.5, டி 1.8 என்றால் பி -1.2. கோஎஃப்பில் ‘ஐஆர்டிபார்ஸ்’ (IRTpars) தெரிவை ‘ட்ரூ’ (TRUE) என்று வைத்தால் மிர்ட்டே மாற்றித் தந்துவிடும். ஆனாலும் ஒரு கேள்விக்காவது கையால் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும்.

‘முற்றிலும் உடன்படுகிறேன்’ வகைக் கருத்துக்கணிப்புக்கு உளவியல் அளவீட்டு ஆய்வாளர் சமெஜிமா 1969இல் தந்த படிநிலை மாதிரி இருக்கிறது, மிர்ட்டில் அதன் பெயர் ‘கிரேடட்’ (graded). ஐந்து தெரிவுகள் என்றால் அவற்றைப் பிரிக்கும் நான்கு எல்லைகள் வரும்.

பின்சேர்க்கை: ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் சரிவு எதிர்மறையாக வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கருத்துக்கணிப்பு என்றால் ‘எனக்குக் கவலையே வருவதில்லை’ போன்ற தலைகீழ் வாக்கியத்தின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தேர்வு என்றால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். எல்லாக் கேள்விக்கும் எதிர்மறை என்றால் பதற வேண்டாம், அளவுகோல் மொத்தமாகத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.