பேராதனைக்குத் தெரிவான மலையக மாணவர் எங்கே, யாருடன் தங்கலாம்?

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் தோட்டத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி, வீட்டிலிருந்தே போய்வர முடியாதா என்பதுதான். கம்பளையிலோ கண்டியிலோ இருப்பவர்களுக்கு அது இயலும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தவர்கள் அந்த எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வர ஒரு வழிக்கே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், தோட்டத்திலிருந்து நகருக்கு இறங்கும் நேரம் தனி.

முதலாம் ஆண்டில் விடுதி கிடைத்தால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வெளி வாடகையைவிடக் கட்டணம் மிகக் குறைவு. அதைவிட முக்கியமானது, ஆங்கிலத்தில் நடந்த விரிவுரை விளங்காத இரவில் அடுத்த அறைக் கதவைத் தட்டிக் கேட்க ஒருவர் இருப்பது. விடுதி ஒதுக்குகையில் வீட்டின் தூரமும் குடும்ப வருமானமும் பொதுவாகக் கவனிக்கப்படுவதால், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வையுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரிக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திலேயே தங்கிவிடுவது இன்றும் நடக்கிறது என்பதால், கடிதத்துக்குக் காத்திராமல் அறிவித்தல்களை இணையத்தளத்திலும் பார்த்துவர வேண்டும்.

மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதைக்கு (ராகிங்) அஞ்சி விடுதியை மறுப்பவர்களும் உள்ளனர். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் வெளியில் தங்குவதால் மட்டும் அது விலகிவிடாது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். அப்படி ஏதும் நடந்தால் மாணவ ஆலோசகரிடம் முறையிடுங்கள்; அம்மா அப்பாவிடமும் மறைக்காதீர்கள்.

அறைத்தோழரைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு கிடைத்தால், ஒரே ஊர், ஒரே பாடசாலை என்பதை மட்டும் பார்க்காமல், அவர் எத்தனை மணிக்கு உறங்குகிறார், எப்போது படிக்கிறார், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறாரா என்பதைப் பாருங்கள். ஊர் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரே அறையில் அடைந்துகொண்டால் முதல் மாதம் ஆறுதலாக இருக்கும். பிறகு சிங்களமும் ஆங்கிலமும் பேசிப் பழகும் வாய்ப்பு குறைந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவரும், சிங்களம் பேசும் ஒருவரும் உள்ள அறையே நம் பிள்ளைகளுக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியே போர்டிங் தேடுபவர்கள் முதலில் தங்கள் பீடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனெனில் வளாகத்தின் ஊடாக மகாவலி ஓடுகிறது, பொறியியல் பீடம் மறுகரையில் உள்ளது. அறையை மழை நாளில் போய்ப் பாருங்கள்: சுவரில் ஈரம் ஊறுகிறதா, வீட்டின் பின்னே செங்குத்தான மண்மேடு வெட்டப்பட்டிருக்கிறதா, மாலை இருட்டிய பிறகு பஸ் தரிப்பிடத்திலிருந்து நடந்துவரும் பாதையில் வெளிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மகாபொல புலமைப்பரிசில் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், அதை நம்பி வாடகை பேசாதீர்கள். முற்பணம் எவ்வளவு, மின்சாரமும் தண்ணீரும் வாடகையில் அடங்குமா, இடையில் விடுதி கிடைத்து வெளியேறினால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை வீட்டுக்காரரிடம் கேட்டு, எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பின்னரே பணத்தைக் கொடுங்கள்.