வளர்ப்புப் பராமரிப்பில் வந்த குழந்தையின் மருத்துவச் செலவு: எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் வீட்டுக்குப் பையன் வந்த ஒன்பதாம் நாள் ராத்திரி நல்ல காய்ச்சல். பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பையனுக்கு நீங்க என்ன வேணும்? அப்பா பேர் என்ன?" என்று சீட்டுப் போடுமிடத்தில் கேட்டார்கள். சுற்றிலும் ஆட்கள் நிற்க, நான் நீளமாக விளக்க ஆரம்பித்தேன். எட்டு வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பில்லைப் பற்றி அன்றைக்கு எனக்கு எந்த ஏற்பாடும் தெரியாது. அப்புறம் அலைந்து தெரிந்துகொண்டதை, தமிழ்நாட்டில் புதிதாகக் குழந்தையை அழைத்து வருகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது தத்து இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 44ஆம் பிரிவின்படி குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையை நம் வீட்டில் வளர அனுப்புகிறது. சட்டப்படி அது நம் பிள்ளையாகிவிடுவதில்லை. காப்பீட்டில் வரும் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் முளைக்கிறது.

படி 1: ஆணையும் ஒரு கோப்பும்

குழு தரும் ஆணைதான் உங்கள் கையிலிருக்கும் ஒரே சாவி. ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் கேள்வி வருமுன் நகலை நீட்டி, "இதுல எல்லாம் இருக்கு, பாருங்க" என்று சொன்னால் போதும். குழந்தை முன்னால் கதை சொல்ல வேண்டியதில்லை.

அழைத்து வரும் நாளிலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், ஆதார், ஒவ்வாமை விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். "காப்பீட்டு அட்டை ஏற்கெனவே போட்டிருக்கா?" என்றும் கேளுங்கள். குழந்தைகள் இல்லத்தில் இருந்தபோதே போட்டிருக்கலாம். இதைக் கேட்கத் தோன்றாமல் நான் வீணாக இரண்டு நாள் அலைந்தேன்.

படி 2: அட்டை கேட்காத இடங்கள்

காப்பீடு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை இலவசம். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி உட்பட விட்டுப்போன தடுப்பூசிகளை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். இடம் மாறி மாறி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் ஓட்டை இருக்கும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிறந்ததிலிருந்து 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பரிசோதிக்கும். பிறவி இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, காது கேளாமை போன்றவை தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள், அதற்கும் செலவில்லை. பையனைப் பள்ளியில் சேர்த்ததும் வகுப்பாசிரியரிடம், குழு வரும் நாளில் இவனைக் கட்டாயம் காட்டச் சொல்லி வையுங்கள். கண்ணாடி தேவைப்படுவது பெரும்பாலும் அப்போதுதான் தெரிய வரும்.

விபத்து என்றால் 108. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டியதில்லை.

படி 3: மாதத் தொகை

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய். சாப்பாடு, துணி, படிப்பு, மருந்து எல்லாம் இதற்குள்தான். முதல் மாதமே வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். மருந்துக்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

படி 4: காப்பீடு

பொறுமை வேண்டிய படி இதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். யார் குடும்பத்தில் சேர்த்தி என்பதைக் குடும்ப அட்டையை வைத்துத்தான் பார்ப்பார்கள். நம் அட்டையில் குழந்தையின் பெயர் இருக்காது. அதனால் பாதுகாப்பு அலகு அலுவலரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அதையும் ஆணையின் நகலையும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு நேரில் போங்கள். போகுமுன் 1800 425 3993க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் ஒரு நடை மிச்சம்.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்தச் சட்டத்தில் குடும்பம் என்ற வரையறை முறைப்படி பிறந்த பிள்ளையையும் தத்துப் பிள்ளையையும்தான் சொல்கிறது. கம்பெனி தரும் குழுக் காப்பீடு அப்படி இல்லை, அது ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில் இந்தக் குழந்தையையும் சேர்க்க முடியுமா என்று மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டுப் பாருங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே 'இல்லை' என்று வந்துவிடும்.

படி 5: மாற்றுத்திறன் குழந்தை என்றால்

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. புறநோயாளிச் செலவும் தெரபியும் இதில் அடக்கம். வாராவாரம் பிசியோதெரபிக்குப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஊனச் சான்றும் அடையாள அட்டையும் இல்லையென்றால் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

படி 6: ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்து?

சளி, காய்ச்சலுக்கு யாரையும் கேட்க வேண்டாம். நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு மட்டும், கையெழுத்துப் போடுமுன் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெற்றவர் இருக்கிற பிள்ளை என்றால் இது இன்னும் முக்கியம். செலவை யார் தாங்குவது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். உயிர் போகிற அவசரம் என்றால் முதலில் சிகிச்சை, பிறகு தகவல். ராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

பில், மருந்துச் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோப்பில் போட்டுவிடுங்கள். எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் பையனே பெரிய எழுத்தில் தன் பெயரையும் ரத்த வகையையும் எழுதி வைத்திருக்கிறான். நாளைக்கு அவன் தன் சொந்தக்காரர்களிடம் திரும்பப் போனால் அது அவனோடு போகும்.