காட்டுத் திராட்சையை இனம் பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் காட்டோரங்களில் கருநீலக் கொத்தைக் கண்டதும் பறித்து வாயில் போடுவதுதான் மிக ஆபத்தான தவறு. மூன்சீட் என்ற நச்சுக்கொடியின் பழமும் அப்படியே இருக்கும். பழத்தை நசுக்கிப் பாருங்கள். பிறை வடிவத்தில் ஒற்றை விதை இருந்தால் அது மூன்சீட். அதன் இலை விளிம்பில் பற்கள் கிடையாது, கொடி பற்றிப் படர உதவும் சுருளான பற்றுக்கம்பியும் கிடையாது. பறவை தின்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

திராட்சைதான் என்று உறுதியான பிறகும் பலர் இலையின் வடிவத்தை வைத்தே இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஒரே கொடியில் நிழலில் ஒரு மாதிரி, வெயிலில் வேறு மாதிரி இலை விடும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ துரு நிறத்திலோ கம்பளிபோல் மயிர் அடர்ந்திருந்தால் லப்ரஸ்கா என்ற இனம். கான்கார்டு திராட்சை இதன் வழி வந்ததுதான். வெளிறிய மெழுகுப் பூச்சும் ஆங்காங்கே செம்மயிரும் இருந்தால் எஸ்டிவாலிஸ். அந்தப் பூச்சு விரல் பட்டாலே அழியும் என்பதால் காம்பைப் பிடித்துத் திருப்புவது நல்லது.

பற்றுக்கம்பியை ஒரே ஒரு கணுவில் பார்த்துவிட்டு நகர்வதும் தவறு. லப்ரஸ்காவில் மூன்று, நான்கு கணுக்களில் தொடர்ந்து பற்றுக்கம்பியோ பூங்கொத்தோ வரும். மற்ற பெரும்பாலான இனங்களில் இரண்டு கணுவில் வந்து, மூன்றாவது வெறுமையாக இருக்கும். கம்பி ஒடிந்து விழுந்த தழும்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மஸ்கடைன் என்ற இனத்தில் கம்பி கிளை பிரியாது. பட்டையும் நாராக உரியாது.

அதிகம் குழப்புவது ரிபேரியா, வல்பினா என்ற இரண்டு இனங்கள். இரண்டுக்கும் இலையின் அடிப்பக்கம் பச்சைதான், மயிர் நரம்போரங்களில் மட்டும். இங்கே கத்தி வேண்டும். கணுவை நீளவாக்கில் பிளந்தால் தண்டின் நடுச்சோற்றை (உள்ளே இருக்கும் மென்மையான பகுதியை) குறுக்கே மறிக்கும் ஒரு தடுப்பு தெரியும். ரிபேரியாவில் அது 1 மி.மீ.க்கும் குறைவான மெல்லிய தகடு. வல்பினாவில் நன்கு தடித்திருக்கும். அந்தத் தடுப்பே இல்லையென்றால் மஸ்கடைன். நடுச்சோறு பழுப்பாக இல்லாமல் வெள்ளையாக இருந்தால், கிழக்காசியாவிலிருந்து வந்து பரவிய, திராட்சையைப் போன்ற போர்சலின்பெரி என்ற வேறு கொடியாக இருக்கலாம்.

காய்க்காத கொடியைத் திராட்சையே அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். காட்டுத் திராட்சையில் ஆண், பெண் கொடிகள் தனித்தனி; ஆண்கொடி பூக்கும், காய்க்காது. இந்த இனங்கள் தங்களுக்குள் கலக்கவும் செய்யும். அடையாளங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் ஏதோ ஒரு பெயரைத் திணிக்காமல், கலப்பினம் என்று சந்தேகக்குறியோடு எழுதிவைத்தால் போதும்.